முகமெல்லாம் பக்குப் பிடித்த பூனையை வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

கேள்வி இதுதான். ஒன்றரை வயதுப் பெண் பூனை. காது ஓரத்தில் தொடங்கிய சொறி இப்போது நெற்றி, கண் இமை, கழுத்து வரை வந்து சாம்பல் நிறத்தில் பக்குக் கட்டியிருக்கிறது. ராத்திரியெல்லாம் சொறிந்துகொண்டே இருக்கிறது, சாப்பாடும் குறைந்துவிட்டது. வீட்டில் இன்னொரு பூனையும் உண்டு. தூக்கி வைத்துக் கொஞ்சியவரின் கையிலும் வயிற்றிலும் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். அக்கம்பக்கத்தில் வேப்பெண்ணெயும் மஞ்சளும் தடவச் சொல்கிறார்கள். மருந்துக்கடையில் மனிதர் சொறிக்குப் போடும் களிம்பு ஒன்று கொடுத்திருக்கிறார்கள். டாக்டரிடம் போகாமல் வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

முதல் வேலையாக அந்தக் களிம்பை எடுத்துத் தூர வையுங்கள். இன்னும் போடவில்லை என்றால் நல்லது. போட்டுவிட்டீர்கள் என்றால், பாத்திரம் கழுவும் சோப்பு நீர்மத்தைக் கொஞ்சம் வெதுவெதுப்பான நீரில் கலந்து அந்த இடத்தை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். மனிதர் சொறிக்கு நம் ஊர்க் கடைகளில் அதிகம் கொடுப்பது 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பு. மனிதருக்கு அது நல்ல மருந்து, பூனைக்கு விஷம். இந்த வகை ரசாயனங்களை உடைத்து வெளியேற்ற நம் கல்லீரலில் இருக்கும் ஒரு வழி பூனையின் கல்லீரலில் மிகவும் பலவீனம். மருந்து உடம்பிலேயே தங்கி நரம்புகளைத் தாக்கும். முதலில் காதும் முகமும் துடிக்கும், அப்புறம் உடம்பு நடுங்கும், வலிப்பு வரும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கைவிட்டுப் போன பூனைகள் உண்டு.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சொறியால் பூனை சாக வேண்டுமானால் பல வாரம் ஆகும். தவறான மருந்துக்கு ஒரு ராத்திரி போதும். பூனையின் தோலில் நீங்கள் எதைத் தடவினாலும் அது கொஞ்ச நேரத்தில் அதன் வயிற்றுக்குள் போய்விடும். நாயும் மாடும் ஓரளவு நக்கும். பூனையோ தினமும் நிறைய நேரத்தை உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதிலேயே கழிக்கும். அதனால் பூனை விஷயத்தில் மேல்பூச்சு, உள்மருந்து என்ற பிரிவே கிடையாது. ஒரு பொருளைத் தடவலாமா என்று யோசிக்கும்போது, இதைக் கரண்டியில் எடுத்து ஊட்டுவேனா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, நோய்க்கு வருவோம். நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் பூனைச் சொறி போலத்தான் தெரிகிறது. இதற்குக் காரணம் நோட்டோயெட்ரிஸ் கேட்டி என்னும் ஒரு நுண்ணுண்ணி. கால் மில்லிமீட்டருக்கும் குறைவான உருவம், வெறும் கண்ணுக்குப் பிடிபடாது. பெண் உண்ணி தோலின் மேலடுக்கைத் துளைத்துச் சுரங்கம் போட்டு அதற்குள் முட்டையிடும். முட்டை பொரிந்து, வளர்ந்து, அடுத்த தலைமுறை முட்டையிடத் தயாராவதற்கு ஏறக்குறைய மூன்று வாரம். இந்த மூன்று வாரக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மருந்துக்கும் தேவைப்படும்.

இது பரவும் பாதையும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். காது மடலின் உள்விளிம்பில் தொடங்கும். அங்கிருந்து காது முழுக்க, பிறகு நெற்றி, இமை, முகம், கழுத்து. பூனை சுருண்டு படுக்கும்போது முகம் முன்னங்காலிலும் பின்பக்கத்திலும் படுகிறது. முகத்தைக் கழுவவும் முன்னங்கால்தான். எனவே அடுத்து பாதங்களிலும் வால் அடியிலும் அதே பக்கு தோன்றும். தோல் தடித்து, மடிப்பு விழுந்து, முடி கொட்டி, ஒன்றரை வயதுப் பூனைக்குக் கிழட்டு முகம் வந்துவிடும். தாடைக்குக் கீழே நெறி கட்டியிருப்பதும் சகஜம்.

ஆனால் பக்குக் கட்டியதெல்லாம் இதே உண்ணி இல்லை. காதுக்குள் மட்டும் காபித்தூள் மாதிரி கறுப்பாக அழுக்கு சேர்ந்து, பூனை தலையை உதறிக்கொண்டே இருந்தால் அது காது உண்ணி, வேறு இனம். வட்ட வட்டமாக முடி உதிர்ந்து, அரிப்பு அதிகம் இல்லாமல், வீட்டுக் குழந்தைகளின் தோலில் வளையம் வளையமாகத் தடிப்பு வந்தால் அது படர்தாமரை. அது பூஞ்சை, அதற்கு மருந்தே வேறு. முதுகின் பின்பாதியிலும் வால் தொடங்கும் இடத்திலும் பொரிப்பொரியாக இருந்தால் தெள்ளுப்பூச்சி ஒவ்வாமையைச் சந்தேகிக்க வேண்டும். வெள்ளைப் பூனையாக இருந்து, காது நுனியிலோ மூக்கிலோ மட்டும் ஆறாத புண் மாதக்கணக்கில் இருந்தால் அதைச் சொறி என்று தள்ளிப்போடவே கூடாது. வெயில் அதிகம் படும் வெள்ளைத் தோலில் புற்றுநோய் வருவதுண்டு. நம் ஊர் வெயிலில் மொட்டைமாடியிலேயே கிடக்கும் வெள்ளைப் பூனைகளுக்கு இந்த ஆபத்து உண்மையானது.

இதனால்தான் டாக்டரிடம் போகாமல் முடியுமா என்ற கேள்விக்கு என் பதில், ஒருமுறையாவது போய்த்தான் ஆக வேண்டும். அங்கே நடப்பது பெரிய சோதனை ஒன்றும் இல்லை. பக்கு இருக்கும் ஓரத்தில் ஒரு சொட்டு பாரஃபின் எண்ணெய் விட்டு, பிளேடின் முனையால் லேசாகச் சுரண்டி, கண்ணாடிச் சில்லில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பூனைச் சொறியில் உண்ணிகள் ஏராளமாக இருக்கும். நாய்ச் சொறியில் தேடித் தேடிப் பார்த்தும் அகப்படாமல் போகும் அலைச்சல் இங்கே பெரும்பாலும் இல்லை. சென்னையில் என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகளிலும் மருத்துவமனை உண்டு. சிறு ஊர்களில் அரசு கால்நடை மருந்தகம் இருக்கும். அங்கே ஆடு மாடுகளே அதிகம் வரும் என்றாலும் சொறியைப் பார்த்துச் சொல்ல அவர்களுக்குத் தெரியும். போகும்போது பூனையைக் கையில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். மூடியுள்ள கூடையிலோ காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியிலோ வையுங்கள். காத்திருக்கும் இடத்தில் ஒரு நாய் குரைத்தால் போதும், பூனை ஓட்டம் பிடித்துவிடும்.

உண்ணியைக் கொல்வது இரண்டோ மூன்றோ முறை போடும் மருந்துதான். இப்போது அதிகம் பயன்படுவது பிடரியில் விடும் சொட்டு மருந்து, அதாவது ஸ்பாட்-ஆன். செலாமெக்டின் ஒரு வகை. இமிடாகுளோபிரிட்டும் மாக்சிடெக்டினும் கலந்தது இன்னொரு வகை. இரண்டும் தோல் வழியே உள்ளே போய் உண்ணியைக் கொல்லும். ஒரு தடவை போட்டதுமே அரிப்பு குறையும், ஆனால் அத்தோடு நிறுத்தக் கூடாது. பொரிக்காமல் மிச்சமிருக்கும் முட்டைகள் அப்புறம் பொரியும். மேலே சொன்ன மூன்று வாரக் கணக்கு இங்கேதான் வருகிறது. இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் இரண்டாவது தடவை போட்டே ஆக வேண்டும். சிலவற்றுக்கு மூன்றாவதும் தேவைப்படும். மருந்து வேலை செய்யவில்லை, திரும்ப வந்துவிட்டது என்று சொல்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவது தடவை போட்டிருக்க மாட்டார்கள், இல்லையென்றால் வீட்டின் இன்னொரு பூனைக்குப் போட்டிருக்க மாட்டார்கள்.

அளவு எடையைப் பொறுத்தது. அதற்குத் தனித் தராசு தேவையில்லை. பூனையைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் மெஷினில் ஏறுங்கள், அப்புறம் தனியாக ஏறுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். செலாமெக்டினில் 2.5 கிலோ வரை ஒரு அளவு, அதற்கு மேல் 7.5 கிலோ வரை வேறு அளவு. மற்றதில் 4 கிலோ வரை 0.4 மில்லி, 4 முதல் 8 கிலோ வரை 0.8 மில்லி. நாய்க்கான பெரிய குப்பி விலை மலிவாக வருகிறது என்று வாங்கிப் பங்கு போடும் வேலை வேண்டவே வேண்டாம். நாய்க்கான குப்பியில் மாக்சிடெக்டின் செறிவு பூனைக்கானதைவிட இரண்டரை மடங்கு அதிகம். வேறு சில நாய்ச் சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரினே கலந்திருக்கும். உறையில் பூனைப் படம் இருக்கிறதா என்று பாருங்கள், நாய்ப் படம் மட்டும் இருந்தால் கடைக்காரர் என்ன சொன்னாலும் திருப்பிக் கொடுங்கள். தெள்ளுப்பூச்சிக்கு அதிகம் விற்கும் ஃபிப்ரோனில் சொட்டு பூனைக்கு ஆகும்தான், ஆனால் இந்தச் சொறிக்கு அதை நம்ப முடியாது.

விடும் விதமும் முக்கியம். தலைக்குக் கீழே, பின்கழுத்தில், நாக்கு எட்டவே எட்டாத இடத்தில் முடியை இரண்டாகப் பிரியுங்கள். தோல் தெரிய வேண்டும். குப்பியின் நுனியைத் தோலில் வைத்து மெதுவாகப் பிழியுங்கள். முடிமேல் விட்டால் பாதி மருந்து வீண். அந்த இடத்தில் பக்கும் புண்ணும் இருந்தால் கொஞ்சம் கீழே தள்ளி, நல்ல தோலாகப் பார்த்து விடுங்கள். இரண்டு பூனைக்கும் ஒரே நாளில் போடுகிறீர்கள் என்றால், காயும் வரை ஒன்றை ஒன்று நக்காமல் வேறு வேறு அறையில் வையுங்கள். முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்ட வேண்டாம். கொஞ்சம் நக்கிவிட்டு வாயில் நுரை தள்ளினால் அது பெரும்பாலும் கசப்பினால்தான், தண்ணீர் வையுங்கள். தள்ளாடினாலோ நடுங்கினாலோ டாக்டரைக் கூப்பிடுங்கள்.

ஐவர்மெக்டின் பற்றி எல்லோரும் கேட்பார்கள், நீங்களும் கேட்பீர்கள். நல்ல மருந்து, மலிவு. ஜப்பானில் சதோஷி ஓமுரா ஒரு மண் மாதிரியிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியாவில் இருந்து வந்தது. அதற்காக 2015இல் அவருக்கும் வில்லியம் கேம்பெலுக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். செலாமெக்டினும் மாக்சிடெக்டினும் இதற்குப் பங்காளிகள்தான். அரசு மருந்தகங்களில் பூனைக்கும் இதைத்தான் தோலடி ஊசியாகப் போடுகிறார்கள், பெரும்பாலும் நன்றாகவே குணமாகிறது. அப்படி டாக்டர் போட்டால் பயப்பட வேண்டாம். நீங்களாகப் போடுவதுதான் ஆபத்து. கணக்கைப் பாருங்கள். கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்று வைத்தால் 3 கிலோ பூனைக்கு 0.6 மில்லிகிராம். கடையில் கிடைக்கும் 12 மில்லிகிராம் மாத்திரை ஒன்று அதைப்போல் 20 மடங்கு. 1 சதவீத ஊசி மருந்தில் அந்த அளவு 0.06 மில்லி, இரண்டு சொட்டுகூடத் தேறாது. இதைச் சாதாரணச் சிரிஞ்சில் கண்ணால் அளந்து எடுப்பது நடக்காத காரியம். அளவு மிஞ்சினால் கண்மணி விரிந்து, பார்வை மங்கி, தள்ளாடி, மயக்கத்துக்குப் போகும். குட்டிகளுக்கு இன்னும் ஆபத்து. சரியான அளவிலேயே தாங்காத பூனைகளும் உண்டு, மூளைக்குள் மருந்து போகாமல் தடுக்கும் ஏற்பாடு பிறவியிலேயே சிலவற்றுக்குக் குறைவு. ஊசி போட்டு வந்த நாளில் பூனையின் நடையைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.

இனி உங்கள் பக்கத்து வேலை. மருந்து உண்ணியைக் கொல்லும், பூனையைத் தேற்றுவது வீடுதான்.

முதலில் சாப்பாடு. இதை நான் சொறிக்கு மேலாக வைப்பேன். பூனை வாசனை பார்த்துத்தான் சாப்பிடும். மூக்கைச் சுற்றிப் பக்குக் கட்டி அடைத்துவிட்டால் வாசனை தெரியாது, பசி இருந்தும் தட்டை முகர்ந்துவிட்டுப் போய்விடும். இரண்டு மூன்று நாள் சுத்தமாகச் சாப்பிடாத பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்து அதுவே தனி நோயாகிவிடும். கொழுத்த பூனைக்கு இது இன்னும் வேகமாக வரும். எனவே சாப்பாட்டை வெதுவெதுப்பாகச் சூடாக்கிக் கொடுங்கள், மணம் எழும்பும். வேகவைத்த கோழி, முள் எடுத்த மத்தி, உப்புப் போடாமல் அவித்த நெத்திலி, அவித்த முட்டை என்று எது இறங்குகிறதோ அது. வெங்காயம், பூண்டு போட்ட குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிக் கொடுக்கும் துண்டு வேண்டாம், இரண்டும் பூனையின் ரத்த அணுக்களை உடைக்கும். கருவாட்டுத் தலை பூனைக்கு உயிர் என்றாலும் அதிலுள்ள உப்பு இப்போது ஆகாது.

நம் வீடுகளில் பூனை என்றால் பால்சோறுதான். அதைச் சாப்பிட்டே வளர்ந்த பூனைகள் இருக்கின்றன என்பீர்கள். இருக்கின்றன, கூடவே வெளியே போய் எலியும் பல்லியும் பிடித்துத் தின்று சரிக்கட்டிக்கொள்கின்றன. நோயில் விழுந்து அறைக்குள் கிடக்கும் பூனைக்கு அந்த வழி அடைபட்டுவிடுகிறது. தோலும் முடியும் புரதத்தால் ஆனவை. புதுத் தோல் வளர வேண்டிய நேரத்தில் சோறும் பாலும் மட்டும் கொடுத்தால் எங்கிருந்து வளரும்? பல பூனைகளுக்குப் பால் பேதியையும் கொடுக்கும். ஒரு மாதத்துக்காவது பாலை நிறுத்திவிட்டு அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள்.

அடுத்தது பக்கு. பார்க்கப் பார்க்கக் கை துறுதுறுக்கும், உரித்து எடுக்கத் தோன்றும். உரிக்காதீர்கள். அடியில் தோல் பச்சையாக இருக்கும், உரித்தால் ரத்தம் வரும், புண்ணாகிச் சீழ் வைக்கும். மருந்து போட்டு ஒன்றிரண்டு வாரத்தில் பக்கு தானாகக் கழன்று விழும். கண்ணையும் மூக்கையும் மூடியிருக்கும் பக்கை மட்டும் இளக்க வேண்டும். அரை லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு டீஸ்பூன் உப்பு கரைத்து, பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, பக்கின் மேல் சில நிமிடம் ஒத்தடம் போல வையுங்கள். நனைந்து ஊறியதும் தானாக வருவதை மட்டும் துடைத்தெடுங்கள். வராததை நாளைக்குப் பார்க்கலாம். காதுப் பக்கு கல்லாக இறுகியிருந்தால் விரல் நுனியில் துளி தேங்காய் எண்ணெய் தொட்டுத் தடவலாம். அது பக்கை இளக்கத்தான், உண்ணியைக் கொல்லாது. துளி என்றால் துளிதான். தலை முழுக்க எண்ணெய் வழிய விட்டால் அத்தனையும் நக்கி அதற்கு வயிற்றுப்போக்குதான் மிச்சம்.

இமை ஒட்டிக்கொண்டு கண் திறக்கவில்லை என்றால் அதே உப்புநீர்த் துணியால் மெல்ல நனைத்துத் திறக்க விடுங்கள். வீட்டில் இருக்கும் மனிதர் கண் சொட்டு மருந்தை ஊற்றாதீர்கள், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். கருவிழியில் சொறிந்த காயம் இருந்தால் அது கண்ணையே கெடுத்துவிடும்.

சொறிவதை நிறுத்தச் சொல்ல முடியாது. நகத்தின் கூர்முனையை மட்டும் வெட்டிவிடலாம். நகத்தினுள் இளஞ்சிவப்பாகத் தெரியும் பகுதி வரை போகக் கூடாது, ரத்தம் வரும். கழுத்தில் கூம்பு போல மாட்டும் காலர் கடையில் கிடைக்கும். பழைய எக்ஸ்ரே படத்தை வெட்டி, ஓரத்துக்குத் துணி ஒட்டி வீட்டிலேயே செய்தும் போடலாம். ஆனால் கழுத்தே புண்ணாக இருந்தால் காலர் அதை உரசும், அப்போது பின்னங்கால் நகம் வெட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காலர் போட்டபடி சாப்பிடுகிறதா என்று பாருங்கள். சில பூனைகள் அதைப் போட்டதும் பட்டினி கிடக்கும். சாப்பாட்டு நேரத்தில் கழற்றிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து, முடிந்ததும் மாட்டுங்கள்.

சொறிந்த இடத்தில் சீழ், துர்நாற்றம், ஈரம் கசிதல் இருந்தால் பாக்டீரியாவும் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு டாக்டர் தனியாக ஆன்டிபயாடிக் கொடுப்பார். போவிடோன் அயோடினை வெளிர்ந்த டீ நிறம் வரும் அளவுக்கு நீர் கலந்து புண்ணை ஒற்றிவிடலாம், காலர் மாட்டியிருந்தால் மட்டும். புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிட்டால் வீட்டிலேயே வைத்துப் பார்க்காமல் டாக்டரிடம் கொண்டு போங்கள். மாட்டுப் புண்ணுக்குப் பழக்கத்தில் ஊற்றும் டர்பன்டைன் எண்ணெயைப் பூனைக்கு ஊற்றவே கூடாது.

தொடக் கூடாதவற்றை இங்கேயே முடித்துவிடுகிறேன். பென்சைல் பென்சோயேட் லோஷன், லிண்டேன் லோஷன், மாட்டு உண்ணிக்கு நீரில் கலக்கும் அமிட்ராஸ், இவை மூன்றும் பெர்மெத்ரின் போலவே ஆபத்து. டெட்டால், பினாயில் இரண்டிலும் உள்ள பீனால் வகைப் பொருட்களைப் பூனையால் வெளியேற்ற முடியாது. புண்ணில் தடவுவது மட்டுமில்லை, அது படுக்கும் தரையைப் பினாயிலில் துடைத்தாலும் பாதத்தில் ஒட்டி நக்கும். கற்பூரம் கலந்த எண்ணெய், யூகலிப்டஸ் தைலம், டீ ட்ரீ எண்ணெய், மண்ணெண்ணெய், வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயில், எதுவும் வேண்டாம். அரிப்புக்கும் காய்ச்சலுக்கும் என்று பாராசிட்டமால் கொடுத்தால் ஒரே மாத்திரையில் பூனை போய்விடும். படைக்கு மருந்துக்கடையில் தரும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு இரண்டு நாள் அரிப்பை அடக்கும், உண்ணி உள்ளே நிம்மதியாகப் பெருகும்.

வேப்பெண்ணெயைப் பற்றிச் சொன்னால் ஊரே சண்டைக்கு வரும். வேம்பில் பூச்சியைத் தடுக்கும் பொருள் இருப்பது உண்மை. ஆடு மாட்டின் மேல் நம்மவர்கள் தடவித்தான் வந்திருக்கிறார்கள். ஆனால் மூன்று கிலோ எடையுள்ள, தடவியதை எல்லாம் நக்கும் பிராணிக்குச் சுத்தமான வேப்பெண்ணெயைத் தலையில் தடவினால் எச்சில் வடிந்து, வாந்தி எடுத்து, சாப்பாட்டை அடியோடு விட்டுவிடும். ஏற்கெனவே சாப்பாடு குறைந்த பூனைக்கு இது எங்கே கொண்டுபோய் விடும் என்று மேலேயே சொல்லிவிட்டேன். மஞ்சள் அவ்வளவு கேடு செய்யாது. ஆனால் தோலுக்குள் சுரங்கம் போட்டு உட்கார்ந்திருக்கும் உண்ணியை அது எட்டாது. மஞ்சள் பூசிய பக்கு பார்க்க ஆறுவது போல இருக்கும், அதற்குள் ஒரு வாரம் போயிருக்கும்.

குளிப்பாட்டலாமா? சொறிக்குக் குளியல் கட்டாயம் இல்லை. மெலிந்து, முடி உதிர்ந்த பூனைக்குக் குளித்ததும் உடம்புச் சூடு இறங்கிவிடும். டாக்டர் குளோர்ஹெக்சிடின் ஷாம்பூ எழுதிக் கொடுத்தால் மத்தியான வெயில் நேரத்தில், வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டி, உடனே துவட்டுங்கள். சொட்டு மருந்து ஒத்துக்கொள்ளாத பூனைக்குச் சில டாக்டர்கள் சுண்ணாம்புக் கந்தகக் கரைசலில் வாரம் ஒருமுறை நனைக்கச் சொல்வார்கள். பழைய வைத்தியம், பூனைக்குப் பாதுகாப்பானது. அழுகிய முட்டை நாற்றம் வீடு முழுக்க அடிக்கும், வெள்ளிக் கொலுசும் மோதிரமும் கறுத்துவிடும், கழற்றி வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

பூனையை ஒரு அறையில் தனியாக வையுங்கள், மண் தொட்டியும் தண்ணீரும் அங்கேயே. அதற்காக இன்னொரு பூனையை விட்டுவிடலாம் என்று நினைக்க வேண்டாம். இதுவரை ஒன்றாகப் படுத்து எழுந்தவை, அதற்கும் உண்ணி போயிருக்கும். தோலில் ஒன்றும் தெரியாவிட்டாலும் இரண்டுக்கும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும். வயிற்றில் குட்டி இருக்கிறது, பால் கொடுக்கிறது என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். செலாமெக்டின் அந்த நிலையிலும் கொடுக்கக் கூடிய மருந்து. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டிக்கு எதையும் நீங்களாகப் போடாதீர்கள்.

வீட்டைப் பற்றி அளவுக்கு மீறிப் பயப்பட வேண்டாம். பூனையை விட்டு வெளியே விழுந்த உண்ணி சில நாட்களுக்கு மேல் தாங்காது. படுக்கும் துணி, தலையணை உறை, சோபா விரிப்பு எல்லாவற்றையும் நன்றாகச் சூடான நீரில் ஊறவைத்துத் துவைத்து, உச்சி வெயிலில் காயப்போடுங்கள். மருந்து போட்ட முதல் மூன்று நான்கு வாரம் வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும். பழைய சாக்கு, அட்டைப்பெட்டி என்றால் தூக்கிப் போட்டு வேறு வையுங்கள். உதிர்ந்த பக்கைப் பெருக்கிக் கட்டிக் குப்பையில் போடுங்கள், அதில் உண்ணி நிறைய இருக்கும். சீப்பை வெந்நீரில் போட்டு எடுங்கள். பூச்சி மருந்து ஸ்ப்ரே அடித்து வீட்டைப் புகைக்காதீர்கள். அந்த ஸ்ப்ரேக்களில் பெர்மெத்ரினின் உறவுக்கார ரசாயனங்கள்தான் இருக்கும்.

உங்கள் கையிலும் வயிற்றிலும் வந்த புள்ளிகள் இதே உண்ணி கடித்ததால் இருக்கலாம். பூனையைத் தூக்கிவைத்த இடங்களில்தானே வந்திருக்கிறது? நம் தோலில் இந்த உண்ணியால் குடும்பம் நடத்த முடியாது, இனம் பெருகாது. பூனை குணமானால் சில வாரத்தில் புள்ளிகளும் அடங்கிவிடும். அரிப்பு அதிகம் என்றால் தோல் டாக்டரைப் பாருங்கள், வீட்டில் சொறி பிடித்த பூனை இருக்கிறது என்பதை மறக்காமல் சொல்லுங்கள். இல்லையென்றால் கொசுக்கடி, வேர்க்குரு என்று சிகிச்சை வேறு பக்கம் போகும். அதுவரை பூனையைத் தொடும்போது முழுக்கைச் சட்டை போடுங்கள், மேலே பழைய துண்டு ஒன்றைப் போர்த்திக்கொள்ளுங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கட்டிலில் படுக்க விட வேண்டாம். வீட்டில் குழந்தையோ, எதிர்ப்புச் சக்தி குறைந்தவரோ இருந்தால் அவர்கள் இந்த ஒரு மாதம் தொடாமல் இருப்பது நல்லது. மருந்துக்கடையில் வாங்கிய பெர்மெத்ரின் களிம்பை உங்களுக்கு டாக்டரே எழுதிக் கொடுத்தால்கூட, பூசிய கையோடு பூனையைத் தொடக் கூடாது.

எவ்வளவு நாளில் தெரியும் என்றால், அரிப்பு ஒரு வாரத்துக்குள் நன்றாகக் குறைய வேண்டும். பூனை விடாமல் தூங்க ஆரம்பிப்பதுதான் முதல் நல்ல அறிகுறி, பெரும்பாலும் பக்கு உதிர்வதற்கு முன்பே இது தெரியும். ஒன்றிரண்டு வாரத்தில் பக்கு விழும், அடியில் இளஞ்சிவப்புத் தோல் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து எதையும் தடவிவிடாதீர்கள், புதுத் தோல் அப்படித்தான் இருக்கும். முடி வர ஒன்றரை மாதம் ஆகலாம். இரண்டு வாரம் ஆகியும் சொறிவது குறையவே இல்லை என்றால் நோயைத் தவறாகக் கண்டிருக்கலாம், திரும்பச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். குணமாகிக் குணமாகித் திரும்ப வந்தால் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ் நோய்கள் பூனைக்கு இருக்கின்றனவா என்று ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லலாம். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை, மூச்சு வாங்குகிறது, எழுந்து நிற்க முடியவில்லை, ஈறு வெளுத்திருக்கிறது என்றால் அடுத்த நாளுக்குத் தள்ளாமல் அன்றே போங்கள்.

கடைசியாக, இது எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். உங்கள் பூனை வெளியே போய் வருகிறது என்றால், தெருவில் காது தடித்து முகம் சுருங்கிய கடுவன் ஒன்று கட்டாயம் சுற்றிக்கொண்டிருக்கும். ராத்திரி உங்கள் மதிலில் வந்து கத்துவதும் அதுவாகத்தான் இருக்கும். அதைத் துரத்தினால் பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டு நாளைக்குத் திரும்பி வரும். தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கொஞ்சம் சாப்பாடு வைத்துப் பழக்குங்கள். தலை குனிந்து சாப்பிடும்போது பின்னாலிருந்து பிடரியில் சொட்டு மருந்தை விட்டுவிடலாம். எடை பார்க்க முடியாது, உத்தேசமாகத்தான் சொல்ல முடியும். எனவே அதன் படத்தைக் காட்டி டாக்டரிடமே அளவைக் கேட்டு வாங்குங்கள். முதல் தடவை விட்டதும் பாய்ந்து ஓடிவிட்டு இரண்டு மூன்று நாள் வராது, பசித்தால் வந்துவிடும். அதற்கும் இரண்டாவது தடவை போட வேண்டும், தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அது வரை உங்கள் பூனையை வெளியே விட வேண்டாம். குணமான பிறகு இரண்டுக்கும் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பற்றியும் டாக்டரிடம் பேசிவிடுங்கள். கடுவன் சண்டைக்கும் பெட்டைக்கும் அலைவது குறைந்தால் தெருவுக்குத் தெரு சொறியைக் கொண்டுபோவதும் குறையும்.